ஆறு பதிப்பு கண்ட ஊமை ரேடியோ

பேராசிரியர் எழுதிய எலக்ட்ரானிக்ஸ் பாடப்புத்தகத்தைப் பிழைதிருத்த எடுத்துக்கொண்ட மூன்றாம் நாளே அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. இந்த மனிதர் தான் எழுதியதை ஒருமுறைகூடத் திரும்பிப் படித்ததில்லை.

பதிப்பக அலுவலகத்தில் அவளுக்குக் கால்புள்ளி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் தள்ளிப் போனதும் சொல்வார்கள், அது அவள் காதில் விழும். பத்தொன்பது வருஷமாக அதே மேஜை, அதே சிவப்புப் பேனா. இடம் மாறிய ஒரு கால்புள்ளிக்காக ஒரு தடவை அச்சு இயந்திரத்தையே அரைநாள் நிறுத்தி வைத்தவள். பெயரைப் பற்றி அவளுக்கு வருத்தம் கிடையாது. அப்படிச் சொல்லிச் சிரிப்பவர்களில் பாதிப் பேருக்குக் கால்புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாது. அந்த நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது.

புத்தகம் தொழிற்கல்வி மாணவர்களுக்கானது. ஆறு பதிப்பு வேறொரு அச்சகத்தில் வந்து, அந்த அச்சகம் மூடிப்போனதால் ஏழாவது பதிப்பு இவர்கள் தலையில் விழுந்தது. "எனப்படுவதாகக் கருதப்படுகிறது என அறியப்படுகிறது" என்ற ரகத்தில் ஒரு நடை. ஒரு வாக்கியத்துக்குள் போனால் வெளியே வர வழி கேட்க வேண்டும். யார் செய்கிறார்கள், எதைச் செய்கிறார்கள் என்று எங்கேயும் இருக்காது. எல்லாம் தானாகவே செய்யப்பட்டுக்கொண்டிருக்கும்.

ஏழாம் அத்தியாயம் ரேடியோவைப் பற்றியது. வானொலி நிலையம் அனுப்புவதை வாங்கிக் காதுக்குக் கொடுக்கும் மிக எளிய சுற்று ஒன்று அதில் இருந்தது. நான்கைந்து சாமான்தான். எழுத்தில் இப்படிப் போட்டிருந்தது: இயர்ஃபோனின் ஒரு முனை டயோடுடனும் மறுமுனை தரையுடனும் இணைக்கப்படுகிறது. அதற்குக் கீழேயே படம் 7.4. அதில் இயர்ஃபோனின் மறுமுனையிலிருந்து கிளம்பிய கோடு, தரைக்கு இறங்காமல் வளைந்து மேலே ஏறி, ஏரியல் கம்பி வரும் இடத்திலேயே போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

டயோடு என்றால் கடிக்குமா குத்துமா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் மேல்வரி ஒன்று சொல்லி, கீழே இருக்கும் படம் வேறொன்று சொன்னால் இரண்டில் ஒன்று பொய் என்பது தெரியும். ஓரத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பேராசிரியர் மறுவாரம் வந்தார். சட்டைப்பையில் மூன்று பேனா, மூன்றும் மூடி கழற்றாதவை. பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்க மாட்டார், அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்துப் பேசுவார். கேள்விக்குறியைக் காட்டியதும் சுவரிடம் நிறையச் சொன்னார். இந்தப் படம் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறதாம். எத்தனையோ ஆயிரம் மாணவர்கள் இதை வரைந்து பாஸ் பண்ணியிருக்கிறார்களாம். பரீட்சைத்தாள் திருத்துகிறவர்களுக்குக் கொடுக்கும் விடைக்குறிப்பே இதைப் பார்த்துத்தான் தயாராகிறதாம். அப்படியானால் எழுத்தில் இருப்பது தப்பா என்று அவள் கேட்டாள். அதுவும் சரிதான் என்றார்.

"ரெண்டும் எப்படி சார் சரியா இருக்கும்?"

அப்போதுதான் முதல்முறையாக அவளைப் பார்த்தார். "நீங்க கமாவைப் பாருங்கம்மா. கரண்ட்டை நான் பாத்துக்கறேன்."

மேனேஜர் சிரித்தார். அவருக்குக் கமாவும் தெரியாது, கரண்ட்டும் தெரியாது. பெரிய மனிதர் ஒருவர் நகைச்சுவை சொன்னால் சிரிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். பேராசிரியரின் பேச்சைவிட அந்தச் சிரிப்புதான் அவளை அன்று முழுக்க அரித்தது.

அவள் தங்கை வீட்டு மாடியறையில் இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. வந்த வரன்களின் கடிதங்களில் அவள் பிழை திருத்தியதால்தான் என்று தங்கை சொல்வாள், அதில் முழுப் பொய் இல்லை. கீழே முன்னறையில் தங்கை புருஷனின் ரிப்பேர் கடை. ஃபேன், இஸ்திரிப்பெட்டி, செல்ஃபோன், எது செத்தாலும் அவனிடம் வரும். காதில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருக்கும் என்பதால் மனசுக்குள் அவனுக்குத் திருப்புளி என்றே பெயர் வைத்திருந்தாள். நேரில் மாப்பிள்ளை, அதுவும் வாரத்துக்கு இரண்டு தடவை.

ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவனை அவள் ஒரு ஆளாக எண்ணியதில்லை. செய்தித்தாளை எண்ணெய் ஒழுகும் ஃபேனுக்கு அடியில் விரிக்க மட்டுமே எடுப்பான். கடைப் பலகையில் "பழுது பார்க்கபடும்" என்று ஒற்று இல்லாமல் எழுதி வைத்திருந்தான். வந்த புதிதில் அவள் சொன்னபோது, ஃபேனோடு வருகிறவன் பலகையைப் படிக்க மாட்டான் என்று பதில் சொன்னான். அன்றோடு அந்தக் கணக்கு முடிந்தது. இப்படிப்பட்டவனைத் தங்கை எப்படிக் கட்டிக்கொண்டாள் என்பது அவளுக்கு இன்னும் தீராத சந்தேகம்.

இருந்தாலும் அன்று சாயங்காலம் மாடிக்குப் போகாமல் கடைக்குள் நுழைந்தாள். வேறு வழி இல்லை, அவளுக்குத் தெரிந்தவர்களில் கம்பியைத் தொடுகிறவன் இவன் ஒருவன்தான். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். துடைத்த துணி ஸ்டூலைவிட அழுக்காக இருந்தது. அவள் உட்காரவில்லை. பக்கத்தை நீட்டி, இது சரியா என்று மட்டும் கேட்டாள்.

அவன் பார்த்தான். பிறகு, "இந்தப் படம் இன்னும் உயிரோட இருக்கா?" என்றான். 

பதினெட்டு வருஷத்துக்கு முன் தொழிற்கல்வி படித்தபோது அவனுக்கும் இதே புத்தகம்தானாம். படத்தைப் பார்த்து அப்படியே செய்து, மூன்று நாள் இயர்ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். ஒரு சத்தமும் வரவில்லை. கம்பி சரியில்லையோ, தன் காதுதான் சரியில்லையோ, தன் தலையெழுத்தோ என்று குழம்பி, கடைசியில் ஒரு வயரைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டதும் பேச ஆரம்பித்துவிட்டதாம். ஓடிப்போய் வாத்தியாரிடம் சொன்னால், புத்தகத்தில் உள்ளபடி வரை, இல்லாவிட்டால் மார்க் கிடைக்காது என்று அனுப்பிவிட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னக்கா. மார்க்குக்கு ஒரு படம், கேக்கறதுக்கு ஒரு படம். ரெண்டையும் வச்சுக்கிட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. தப்பு செய்கிறவனைக்கூட அவள் ஒரு மாதிரி மன்னித்துவிடுவாள். தப்பைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறவனை அவளால் முடியாது. பதினெட்டு வருஷமாகத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டே விட்டாள். அவன் இஸ்திரிப்பெட்டியின் அடித்தகட்டைக் கழற்றியபடி, இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று திருப்பிக் கேட்டான். அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

அவன் சொன்னதை அப்படியே நம்பவும் அவள் தயாராக இல்லை. ஒற்றுப் போடத் தெரியாதவன் சொல்லும் கரண்ட் சமாசாரம் எந்த அளவுக்கு நம்பிக்கையானது? தன் கண் முன்னால் செய்து காட்டச் சொன்னாள். முதலில் படத்தில் உள்ளபடி, பிறகு அவன் சொல்கிறபடி. அவன் தோளைக் குலுக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜை முழுக்க வயர். தங்கை இரண்டு தடவை முணுமுணுத்துவிட்டுத் தட்டுகளை அடுப்படிக்கே எடுத்துப் போனாள். ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டின் மேல் மெல்லிய செப்புக்கம்பியைச் சுற்ற வேண்டும், எண்பது சுற்று இருந்தால் போதும் என்றான். அவன் சுற்ற அவள் எண்ணினாள். எழுபத்தொன்பதில் நிறுத்தினான், இன்னொன்று சுற்ற வைத்தாள். பழைய ரேடியோ ஒன்றிலிருந்து எடுத்த கண்டென்சர், அதைத் திருகினால் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளியே வரும். கண்ணாடியில் செய்த, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய டயோடு. காதில் செருகும் ஒரு பழைய இயர்ஃபோன், அதை அவள் மூன்று தடவை துடைத்தாள். மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பத்திலிருந்து ஒரு நீளக் கம்பி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது, அது ஏரியல். தரைக்கு, அடுப்படிக் குழாயில் ஒரு வயரைச் சுற்றினான்.

பேட்டரி எங்கே என்று கேட்டாள். கிடையாது என்றான். பிளக் எங்கே? அதுவும் கிடையாது. அப்படியானால் எது இதை ஓட்டும்? நிலையத்தின் கோபுரத்திலிருந்து கிளம்பி வருகிறதே, அதில் துளியூண்டு இந்தக் கம்பியில் ஒட்டும், அதுவே ஓட்டும் என்றான். இவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவள் முடிவுகட்டி, நிரூபிக்கப் புத்தகத்தைப் புரட்டினாள். நூற்றுப்பத்தாம் பக்கத்தில் அதே விஷயம் இருந்தது. மூன்று வரியில், ஏழு "படுகிறது"களுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தார் பேராசிரியர். அந்தப் பக்கத்தைப் போன வாரம்தான் அவள் திருத்தியிருந்தாள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, அதனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே கவனிக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் படம் 7.4இல் உள்ளபடி கட்டினான். அவள் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்தாள். கண்டென்சரை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருகினாள். சொந்தக் காது இரைவது கேட்டது, அவ்வளவுதான்.

"ஏன் வரலை?" என்றாள். எழுத்துப்பிழையைக் கண்டுபிடிக்கத்தான் அவளுக்குத் தெரியும். இது ஏன் பிழை என்று தெரியாமல் பேராசிரியர் முன்னால் போய் நிற்க முடியாது.

அவனுக்குக் கோர்வையாகப் பேச வராது. வயரைத் தொட்டுத் தொட்டுச் சொன்னான், அவள்தான் அதை மனசுக்குள் வாக்கியமாக்கிக்கொண்டாள். கம்பியில் எல்லா நிலையமும் ஒன்றாக வந்து மோதுகின்றன. செப்புச்சுருளும் கண்டென்சரும் சேர்ந்தால் ஊஞ்சல் மாதிரி, அதற்கென்று ஒரு ஆட்டம் உண்டு. அந்த ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளுகிற நிலையம் ஒன்றுதான் அதை வீசி ஆட்டும். மற்றவை சத்தமில்லாமல் தரைக்கு இறங்கிவிடும். கண்டென்சரைத் திருகினால் ஊஞ்சலின் ஆட்டம் மாறும், வேறு நிலையம் பிடிபடும்.

"அதையே காதுல குடுத்தா என்ன? டயோடு எதுக்கு?"

"கேக்காதுக்கா. மேல ஏறுற பாதியும் கீழ இறங்குற பாதியும் சரிசமமா இருக்கும். இயர்ஃபோனுக்குள்ள இருக்கற தகடு இந்தப் பக்கம் இழுபட்ட அளவுக்கு அந்தப் பக்கமும் இழுபடும், அதுவும் செகண்டுக்கு லட்சக்கணக்கான தடவை. பாவம், அது எங்க நகரும்?" டயோடைத் தொட்டான். "இது ஒருவழிக் கதவு. கீழ்ப்பாதியை வெட்டிடும். மிச்சம் இருக்கற மேல்பாதி பேச்சுக்குத் தகுந்த மாதிரி பெருசாகும், சிறுசாகும். அந்த ஏத்தஇறக்கந்தான் நமக்குக் கேக்குது."

அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. சொன்னதையெல்லாம் அடுத்த வரியிலேயே மறுத்துக்கொண்டு போகும் கட்டுரைகளை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். மறுப்பை மட்டும் அடித்துவிட்டால் ஏதோ ஒரு விஷயம் மிஞ்சும்.

"சரி, இந்தப் படத்துல என்ன தப்பு?"

"தண்ணி ஓடணும்னா ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம் வேணும். இங்க இயர்ஃபோனோட ரெண்டு முனையும் மேட்டுலயே நிக்குது. எங்கேருந்து ஓடும்?" சொல்லிக்கொண்டே மேலே ஒட்டியிருந்த வயரைப் பிடுங்கித் தரைக்கம்பியில் சேர்த்தான்.

காதுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் கண்டென்சரை நகம் அளவுக்குத் திருகினாள். ஒரு ஆண்குரல், எறும்பு பேசுவது போலச் சின்னதாக, ஆனால் துல்லியமாக வானிலை அறிக்கை படித்தது. நாளை பல இடங்களில் மளை பெய்யக்கூடும் என்றது. ழகரம் வராதவனை வைத்துச் செய்தி படிக்கிறார்கள் என்று வேறு எந்த நாளாக இருந்தாலும் முகத்தைச் சுளித்திருப்பாள். அன்று சுளிக்க மறந்துபோனாள். பேட்டரியும் இல்லை, ஒன்றும் இல்லை, குழாயில் சுற்றிய கம்பியில் ஒருத்தன் பேசிக்கொண்டிருந்தான்.

ஒன்பது வருஷத்து அலட்சியத்தை ஒரே நாளில் கழற்றிவைக்க அவளால் முடியவில்லை. அவன் சாப்பிடும்போது செய்யும் சத்தம் அன்றும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அலட்சியத்தைக் கொண்டுபோய் வைக்க வேறொரு பொருத்தமான இடம் கிடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பேராசிரியர் படங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட வருவதாக இருந்தது. அவள் அந்தச் சுற்றைப் பலகையோடு மேனேஜர் மேஜையில் வைத்தாள். கம்பியை ஜன்னல் வழியாகப் பக்கத்து மரத்துக்கு வீசினாள். தரைக்கம்பி கைகழுவும் குழாயில். இயர்ஃபோனிலிருந்து போகும் ஒரு வயரை மட்டும் கிளிப்போடு சும்மா தொங்கவிட்டிருந்தாள்.

பேராசிரியர் வந்து உட்கார்ந்தார். இது உங்கள் படம் 7.4, இந்தக் கடைசி வயர் ஒன்றுதான் பாக்கி, உங்கள் கையாலேயே சேர்த்துக் காட்டுங்கள் என்று அவள் மிக மரியாதையாகக் கேட்டாள். அவர் பலகையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கண்டென்சரின் திருகைத் தொட்டு, "இது என்ன, வால்யூமா?" என்றார்.

மேனேஜருக்கு அதில் என்ன இருக்கிறதென்று புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக ரேடியோவைப் பற்றிப் பாடம் எழுதிச் சாப்பிட்ட மனிதர் இதில் ஒன்றைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. முதல் பதிப்புக்கு எங்கிருந்தோ பார்த்து வரைந்தார், பார்த்து வரைந்ததிலும் ஒரு கோடு தப்பு, பிறகு வந்த பதிப்புகளுக்கெல்லாம் அதையே பார்த்து வரையச் சொன்னார். இவ்வளவுதான் விஷயம். அவள் மனசில் மிச்சமிருந்த பயம் கொஞ்சமும் அப்போது போய்விட்டது.

"இல்ல சார், அது கண்டென்சர். ஸ்டேஷனைத் தேர்ந்தெடுக்கறது. நூத்திப் பதினொண்ணாம் பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்க."

அவர் சுவரிடம் திரும்பிக்கொண்டார். தான் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்றும், ரிப்பேர் கடை நடத்துகிறவர் இல்லை என்றும், கோட்பாடு வேறு பொம்மை வேறு என்றும் சுவருக்கு விளக்கினார். அவள் கிளிப்பைப் படத்தில் உள்ளபடி மேலே மாட்டி இயர்ஃபோனை நீட்டினாள். அவர் வாங்கவில்லை, காதில் ஏதோ உபத்திரவம் என்றார். மேனேஜர் வாங்கிச் செருகிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கிளிப்பைத் தரைக்கம்பிக்கு மாற்றினாள். மேனேஜரின் முகம் மலர்ந்தது, ஏதோ பாட்டு போலிருக்கிறது, விரல் மேஜையில் தாளம் போட்டது. அப்புறம் பேராசிரியரின் முகத்தைப் பார்த்தார். தாளம் நின்றது. இயர்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, எதற்கும் படம் இருந்தபடியே இருக்கட்டும் என்றார்.

தன் காதால் கேட்டதை ஐந்து நொடியில் கேட்காததாக ஆக்கிக்கொண்ட அந்த மனிதரை அவள் ஒருவித ஆச்சரியத்தோடு பார்த்தாள். பேராசிரியருக்காவது இழக்க ஒரு பெயர் இருந்தது. இவருக்கு எதுவும் இல்லை, பழக்கம்தான்.

ஒன்பது நாள் கழித்துப் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. படங்களை மீண்டும் நுணுகிப் பார்த்தபோது 7.4இல் அச்சகத்தாரால் ஒரு கோடு இடம்மாறியிருப்பதைத் தாம் கண்டுபிடித்ததாகவும், இனியும் இப்படி நேரக்கூடாது என்றும் எழுதியிருந்தார். சரியான படத்தையும் வரைந்து அனுப்பியிருந்தார். அந்த வரைவு அவர் கைவேலை இல்லை, கோடுகள் நேராக இருந்தன. யாரோ விஷயம் தெரிந்தவரிடம் கேட்டிருக்கிறார். மேனேஜர் அவளைக் கூப்பிட்டுக் கடிதத்தை வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்து, இனிமேல் படங்களிலும் கொஞ்சம் கவனமாக இருக்கும்படி சொன்னார். அந்தப் படம் இந்த அலுவலக வாசலை மிதிப்பதற்கு முன்பே ஆறு பதிப்பு முடிந்துவிட்டது என்பதோ, ஒன்பது நாளைக்கு முன் இதே மேஜையில் தாளம் போட்டதோ அவர் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் தங்கை புருஷனிடம் சொன்னாள். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான், இனிமேல் செய்கிற பிள்ளைகளுக்குப் பேசுமா என்று. பேசும் என்றாள். அப்படியானால் சரி என்று சொல்லிவிட்டு ஃபேனுக்கு எண்ணெய் விட்டான். அவனுக்குக் கோபமே வரவில்லை என்பது அவளுக்கு அப்போதும் பிடிக்கவில்லை.

கடைசியாக முன்னுரை வந்தது, பேராசிரியரின் கையெழுத்தில், கோழி கிளறியது போல. தட்டச்சுப் பண்ணுகிறவர் எப்படியோ படித்து அடித்துக் கொடுத்தார். முந்தைய பதிப்புகளில் பிழைதிருத்துவோரின் அசட்டையால் படம் 7.4இல் புகுந்துவிட்ட பிழையை, எனது நீண்டநாள் ஆய்வின் பயனாக இப்பதிப்பில் களைந்துள்ளேன். இப்படித்தான் அவர் எழுதியிருந்தார். பிழைதிருத்துவோர் என்ற சொல்லில் பேனா கொஞ்சம் அழுந்தியிருந்தது.

ஆனால் அவருடைய ஆவன்னா ஓவன்னா மாதிரி இருக்கும். அடித்து வந்த தாளில் இருந்தது: எனது நீண்டநாள் ஓய்வின் பயனாக.

சிவப்புப் பேனா அந்த எழுத்தின் மேல் வந்து நின்றது. பத்தொன்பது வருஷத்தில் கண்ணில் பட்ட ஒரு பிழையைக்கூட அவள் விட்டதில்லை. கை தானாகவே அடிக்கப் போனது, இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. வாக்கியத்தை இன்னொரு தடவை மெதுவாகப் படித்தாள். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. பொருளும், அவளுக்குத் தெரிந்த வரையில், முன்னைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. கீழே தன் சுருக்கொப்பத்தைப் போட்டு அச்சுக்கு அனுப்பினாள்.

புத்தகம் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முன்னுரையை மாணவர்கள் படிப்பதில்லை, ஆசிரியர்கள் படிப்பதில்லை. மேனேஜர் எதையும் படிப்பதில்லை. இரண்டு மாதம் கழித்துப் பேராசிரியர் அலுவலகத்துக்கு வந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். அவளுக்கும் ஒன்று நீட்டினார், பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாத பெருந்தன்மை முகத்தில் வழிந்தது. கையெழுத்துப் போட்டுத் தரும்படி அவள் கேட்டாள். மூன்று பேனாவில் ஒன்றின் மூடியைக் கழற்றினார். எங்கே போடுவது என்று அவர் தேடியபோது, முன்னுரைப் பக்கத்தில் இடம் இருக்கிறது சார் என்று அவளே விரித்துக் கொடுத்தாள்.

நீண்டநாள் ஓய்வின் பயனாக என்ற வரிக்கு நேர் கீழே, பட்டங்கள் ஒன்றுவிடாமல், பெரிதாகக் கையெழுத்துப் போட்டு மை காய ஊதிக் கொடுத்தார்.

"ரொம்ப நன்றி சார்," என்றாள்.